கண் பட்ட கட்டடம்

எதிர்காலத்தைப் போல ஓர் ஊர் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு, எதிர்காலம் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. புதுநெய்தல் நகரம் பிறந்த கதை இதுதான். குழு போட்டார்கள். ஒருவர் கண்ணாடி என்றார். இன்னொருவர், கண்ணாடியெல்லாம் நம் தாத்தா காலத்து எதிர்காலம், இனி வளைவுதான் என்றார். மூன்றாவது ஆள் உச்சியில் செடி வைக்கச் சொன்னார். கடைசியில் ஓர் அம்மாள், "எது வேணா கட்டுங்க, வெளியில துணி காயப்போடக் கூடாது" என்றார். அதை மட்டும் அத்தனை பேரும் ஒரே குரலில் ஏற்றுக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு, ஏசி பெட்டி, ஜன்னலில் காயும் மிளகாய் வற்றல், இவையெல்லாம் கண்ணில் படாமல் போனால் பாதி எதிர்காலம் வந்துவிட்டது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. குடியிருக்கும் ஆளே தெரியக்கூடாதாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மீதிப் பாதியை ஊர்க்காரர்களின் கண்ணிடமே விட்டுவிட்டார்கள். அந்தக் கண்ணைக் கவனிக்கும் வாரியத்தில்தான் நான் வேலை பார்த்தேன். என் பெயர் மங்கையர்க்கரசி. வான்வரி வாரியத்தில் மூத்த பொறியாளர். வான்வரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஊரின் கட்டடங்கள் வானத்தில் போடுகிற கோடு. அந்தக் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா, எங்கே அழகாகிறது, எங்கே மங்குகிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பது என் பிழைப்பு.

எங்கள் ஊரில் உப்பங்கழிக்கு மேற்கே கோபுரங்கள், கிழக்கே உலாச்சாலை. உலாச்சாலையில் நின்று சுண்டல் தின்றபடி கோபுரங்களைப் பார்ப்பதுதான் இங்கே பொழுதுபோக்கு. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். அந்தக் கோபுரங்களுக்கு நடுவே, பெரியவர்கள் சண்டையில் மாட்டிக்கொண்ட சின்னப் பிள்ளை மாதிரி, நாலு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. பெயர் புன்னைக் குடியிருப்பு. அதை யாரும் பார்ப்பதில்லை. அதன் மூன்றாவது மாடியில்தான் என் தங்கை பூங்கோதையின் வீடு.

கோதை போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அவள் கணவர் தணிகைவேல் மட்டும் இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். கோபுரங்கள் வளர வளர லிஃப்ட் போகிற பாதை கோணிக்கொள்ளும்; இவர் போய் நேராக்குவார். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடும் மனிதர் தன் வீட்டுக்குப் படியேறித்தான் போக வேண்டும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வாசல் நிலை நெற்றியில் இடித்தது.

"குனிஞ்சு வாங்க அண்ணி. சொல்ல மறந்துட்டேன்."

"போன தடவை நிமிந்துதானே வந்தேன்?"

"அதுக்கப்புறம் இன்னும் எறங்கிடுச்சு."

உள்ளே மின்விசிறியைக் காணோம். கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். கையைத் தூக்கினால் இறக்கையில் அடிபடுமாம். பீரோவின் கால்களை அறுத்திருந்தார். ஆனாலும் அதன் தலை கூரையில் முட்டிக்கொண்டுதான் நின்றது. நான் குழம்பைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். அங்கேதான் அந்தக் குழி இருக்கிறது.

எங்கள் ஊர்க் கட்டடங்களைக் கட்டியிருக்கும் உயிர்ச்சுதைக்கு ஒரு குணம் உண்டு. ஒரே இடத்தில் நாள்தோறும் அழுத்தம் பட்டால் அந்த இடம் மெல்ல மெல்ல உள்வாங்கிக்கொள்ளும். கோதை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலைக் காப்பியை அந்த ஜன்னலோரச் சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டுதான் குடிப்பாள். அவள் தோள் அப்படியே சுவரில் பதிந்திருந்தது. இப்போது தணிகை அந்த இடத்தில் தோளை வைத்துக் காப்பி குடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

அன்று விரலை விட்டுப் பார்த்தேன். பாதி ஆழம்கூட இல்லை.

"சுவர் மெலியுது அண்ணி. குழியும் தூந்துகிட்டே வருது," என்றார் பின்னாலிருந்து. "தை பொறந்ததும் கட்டடத்தையே கரைக்கப் போறாங்களாம். உங்க வாரியத்துலேருந்துதான் வந்து நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்க."

"கோபுரத்துல வீடு தர்றாங்களே தம்பி. நல்ல காத்து, வெளிச்சம்..."

"தர்றாங்க. இந்தச் சுவத்தைத் தருவாங்களா?"

தட்டை எடுத்துச் சோறு போட்டேன்.

வாரியத்து அம்மாள் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் குடியிருப்புக்காரர்கள் என்னை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். செயலாளர் ஜெகதாம்பாள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசும்போதும் விசில் ஊதுகிற மாதிரியே இருக்கும்.

"எங்க கட்டடத்துக்குக் கண்ணு பட்டிருக்கும்மா. அதான் இப்படி இளைச்சுப் போவுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்ணு பட்டிருந்தா நல்லா இருந்திருக்குமே. கண்ணு படாததுதான் வியாதியே."

"என்ன சொல்றீங்க?"

"ஊர் முழுக்கக் கம்பம் நட்டிருக்கோம் பாத்தீங்களா? அது யாரு என்ன பேருன்னெல்லாம் பாக்காது. ஜனங்க கண்ணு எந்தக் கட்டடத்துல எவ்வளவு நேரம் நிக்குதுன்னு மட்டும் பாக்கும். கண்ணு நிக்கிற இடத்துல சுதை ஊறும். கட்டடம் வளரும், வளையும், மினுங்கும். கண்ணு தாண்டிப் போற கட்டடம் இளைக்கும். அதோட சுதை அடியில ஓடி மத்த கட்டடத்துக்குப் போயிடும்."

"அப்போ எங்க சுவரு?"

பக்கத்துக் கோபுரத்தைக் காட்டினேன். வெள்ளி நிறத்தில் இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்றது. "அதோ, அந்த வளைவுல இருக்கு."

இரண்டாம் மாடிக்காரர் ஒருவர், "உள்ள மனுசன் குடியிருக்கான்னு அந்தக் கம்பத்துக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. அதுக்குக் கண்ணு மட்டும்தான் தெரியும்."

"அப்போ நீங்க பாருங்க. வாரியத்துல இத்தனை பேர் இருக்கீங்களே, தெனம் ஒரு தடவை எங்களப் பாத்துட்டுப் போங்க."

"எங்க கண்ணு கணக்குல வராது." கழுத்தில் தொங்கிய அட்டையை எடுத்துக் காட்டினேன். "நாங்க வேண்டியவங்க கட்டடத்தையே பாத்துடக் கூடாதுல்ல? இந்த அட்டை இருந்தா கம்பம் எங்களத் தள்ளிடும். வேலையில இருக்கிறவரைக்கும் இதைக் கழட்டவும் கூடாது."

ஜெகதாம்பாள் மசியவில்லை. "நீங்க படிச்சவங்க, ஏதோ சொல்றீங்க. ரெண்டு பக்கமும் இம்மாம் பெருசா நிக்கிறாங்க. அவங்க ஜன்னல்லேருந்து பாத்தா நம்ம தட்டுல இருக்கிற அப்பளம் வரைக்கும் தெரியுது. கண்ணுதான் பட்டிருக்கு. திருஷ்டி பொம்மை ஒண்ணு மாட்டிட்டா சரியாப் போயிடும்."

மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். புதுநெய்தல் கடைகளில் திருஷ்டி பொம்மை விற்பதில்லை. சுவரில் எதையும் தொங்கவிடக் கூடாதென்று சட்டம். அதனால் மாடியில் கிடந்த பழைய தண்ணீர்த் தொட்டியின் மூடியை எடுத்துத் துடைத்தார்கள். தணிகையிடம் லிஃப்ட் கதவுக்கு அடிக்கிற பெயின்ட் இருந்தது.

"தணிகை, நீயே ஒரு பூதம் போட்டுடு. பாக்கிறவனுக்கு வயித்தைக் கலக்கணும்," என்றார் ஜெகதாம்பாள்.

அடுத்த வாரம் படகில் கழியைக் கடக்கும்போது பார்த்தேன். நாலாவது மாடிக்கு மேலே, சுவரின் நடுவில் அந்த மூடி. கரிய முகம், துடைப்பம் மாதிரி மீசை, இரண்டு கோரைப்பல், தாடை வரைக்கும் தொங்கும் சிவப்பு நாக்கு. குழந்தைகள் பார்த்தால் காய்ச்சல் கண்டுவிடும். சட்டப்படி நான் அன்றைக்கே ஆளை அனுப்பி இறக்கியிருக்க வேண்டும்.

சாயங்காலம் தணிகை போன் செய்தார். "அண்ணி, பாத்தீங்களா?"

"நான் எதையும் பாக்கல. நான் பாத்தாலும் அது பார்வையே இல்லன்னு சட்டமே சொல்லுதே."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கோதை போனபிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

ஜெகதாம்பாள் பொம்மையை மாட்டியது ஊரின் கண்ணைத் திருப்பி விரட்டுவதற்கு. ஆனால் உலாச்சாலையில் நிற்பவனை நினைத்துப் பாருங்கள். எதிரே வரிசையாக வெள்ளி வளைவு, வெள்ளி வளைவு, வெள்ளி வளைவு. நடுவில் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பூதம். அவன் கண் வேறெங்கே போகும்? சுண்டல் பொட்டலத்தோடு ஊரே அதைத்தான் பார்த்தது. குழந்தைகள் பூதத்தைக் காட்டச் சொல்லி அடம்பிடித்தார்கள். சுற்றுலாப் படகுகள் அதற்கு முன்னால் நின்று போகத் தொடங்கின.

கட்டடத்துக்கு உயிர் வந்துவிட்டது. கார்த்திகை முடிவதற்குள் கூரை ஏறியது. தணிகை விசிறியை மறுபடியும் மாட்டினார். அறுத்த பீரோவுக்கு அடியில் செங்கல் வைத்தார். மார்கழியில் கட்டடம் பக்கத்துக் கோபுரத்தின் இடுப்புவரை வளர்ந்து நின்றது.

"திருஷ்டி கழிஞ்சுது பாத்தீங்களா," என்றார் ஜெகதாம்பாள் என்னிடம்.

நான் என்ன சொல்வது? அவர் சொன்ன பலன் அப்படியே நடந்திருக்கிறது, காரணம்தான் தலைகீழ். வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு அவ்வளவு சுலபமான காரியம் இல்லை.

உயிர்ச்சுதை வெறுமனே பருப்பதில்லை. கண் எதில் நிற்கிறதோ அதைப் பெரிதாக்கும், எதை விட்டு விலகுகிறதோ அதை உதிர்க்கும். மூடிக்குப் பின்னாலிருந்த சுவர், மூடியில் வரைந்திருந்த முகத்தைத் தானே பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி வளர்ந்தது. முகம் மாடி மாடியாக இறங்கியது. பூதத்தைப் பார்க்க வந்தவர்களின் கண் முதலில் பல்லில் நின்றது, நாக்கில் நின்றது, பிறகு பூதத்தின் கண்ணுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. எந்த முகத்தைப் பார்த்தாலும் மனிதர்கள் அப்படித்தானே பார்க்கிறோம். பல் தேய்ந்தது, நாக்கு உள்ளே போனது, மீசை உதிர்ந்தது. இதையெல்லாம் நான் திரையில் ஏறுகிற கோடாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து கட்டடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. பல வருஷமாக என் வேலை அப்படிப் பழகிவிட்டது.

கோபுரக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். தங்கள் கட்டடத்துக்கு ஊற வேண்டிய சுதையெல்லாம் பூதத்துக்குப் போகிறது என்று. ஆணையர் வில்ஃபிரெட் கூட்டம் போட்டார். நல்ல மனிதர், சட்டத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாக நேசிப்பவர். பெரிய திரையில் புன்னைக் குடியிருப்பின் அன்றைய படத்தைப் போட்டார்கள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்க சாடையா இல்ல?"

அறையில் இருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. நான் திரையைப் பார்த்தேன். என் நெற்றி. என் மூக்கு. தாடைகூட என்னுடையதுதான். அடுத்த நொடி ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் படகு பிடித்தேன்.

தணிகை அப்போதுதான் வேலை முடிந்து வந்து காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று ஆரம்பித்தேன். கோபம் வந்தால் எனக்கு 'நீங்க' எல்லாம் 'நீ' ஆகிவிடும். "பூதத்துக்கு என் மூஞ்சிதான் கெடச்சுதா உனக்கு? ஞாயித்துக்கிழமையானா குழம்பு வச்சுக் கொண்டாந்து கொடுக்கிறேனே, அதுக்கு இதுதான் மரியாதையா? ஆபீஸ்ல அத்தனை பேர் முன்னால மானம் போச்சு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க மூஞ்சி இல்ல அண்ணி."

"பின்ன யார் மூஞ்சியாம்?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. திரையில் பார்த்த அந்த முகத்தில் இடது கண் மட்டும் ஒரு துளி சுருங்கியிருந்தது.

என் கண் அப்படிச் சுருங்காது. கோதைக்குத்தான் சுருங்கும், எதையாவது ஒளிக்கும்போது. சின்ன வயதில் முறுக்கை எடுத்துப் பாவாடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்பாள். அந்தக் கண் காட்டிக் கொடுத்துவிடும், அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்குவாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை எங்களிடம் மறைக்கப் பார்த்தாள். அப்போதும் அந்தக் கண்தான் சொல்லிற்று.

"பூதம்தான் போடணும்னு உக்காந்தேன் அண்ணி," என்றார் தணிகை. "முதல்ல கண்ணைப் போட்டேன். எனக்குப் போடத் தெரிஞ்ச கண்ணு அது ஒண்ணுதான். அப்புறம் மூக்கும் அதுக்கேத்த மாதிரியே வந்துடுச்சு. போட்டுப் பாத்ததும் எனக்கே பயமாப் போச்சு. யாருக்கும் தெரியக் கூடாதேன்னு மேல மீசையைப் போட்டேன், பல்லைப் போட்டேன், நாக்கைத் தொங்கவிட்டேன். ஊரு பாத்துப் பாத்து அதெல்லாத்தையும் எடுத்துடுச்சு."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் இறந்த அன்று அழுததைவிட அதிகமாக அழுதேன். அவரும் கொஞ்ச தூரம் தள்ளி உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒருவழியாக ஓய்ந்தபிறகு, "அவ மட்டும் இருந்திருந்தா, நான் உனக்குப் பூதமான்னு கேட்டு உங்களைப் பின்னி எடுத்திருப்பா," என்றேன்.

"ஒரு மாசம் சோறு போட்டிருக்க மாட்டா," என்றார். இருவரும் சிரித்தோம்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். அந்தச் சுவர் இப்போது கனத்து, உயர்ந்து, பளபளவென்று இருந்தது. குழியைத் தேடினேன். சுவர் விரிந்தபோது அதுவும் விரிந்து, ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்குப் பரந்து, ஆழமே இல்லாமல் கிடந்தது. தணிகை வந்து தோளைச் சாய்த்துக் காட்டினார். தோளுக்கும் சுவருக்கும் நடுவே வெற்றிடம்தான் இருந்தது.

"இளைச்சப்ப தூந்துச்சு, வளந்தப்ப விரிஞ்சுடுச்சு. எப்படிப் பாத்தாலும் நிக்க மாட்டேங்குது அண்ணி."

"அதான் வெளியில அவ்வளவு பெருசா இருக்காளே தம்பி."

"நான் உள்ள இருக்கேனே. உள்ளேருந்து எங்க தெரியுது?"

அந்த விரிந்த குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் வில்ஃபிரெட்டின் அறைக்குப் போய், "சார், அது என் முகம் இல்ல. என் தங்கச்சி முகம். இறந்துட்டா," என்றேன். அவர் கதவைச் சாத்தினார். தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, சட்டம் என்ன சொல்கிறதோ அதைத்தான் சொன்னார்.

"சட்டத்தை மீறி மாட்டினது அந்த மூடி. அதை எடுத்தாகணும். முகம் ஜனங்க பார்வையில தானா வளந்தது, அதுல நான் கை வைக்க முடியாது. பொங்கல் வரைக்கும் பாப்போம். கோடு நின்னுதுன்னா கட்டடம் நிக்கட்டும். எறங்கிடுச்சுன்னா கரைப்புதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா உங்களுக்காகச் சொல்றேன், மனசைத் தயார் பண்ணிக்குங்க. ஜனங்க பாத்தது பூதத்தை. பூதம் போனப்புறம் இது ஒரு சாதாரணப் பொம்பளை முகம். அதை யாரு மேடம் நின்னு பாப்பாங்க?"

"நான் பாப்பேன் சார்."

"உங்க பார்வை..."

"தெரியும்." அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அவர் மேஜைமேல் வைத்தேன்.

"மேடம், ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. அவசரப்படாதீங்க."

"என் கண்ணு எனக்கு வேணும் சார்."

ஒரு ஜோடிக் கண்ணால் எந்தக் கோடும் ஏறிவிடாது. அதை வாழ்நாள் முழுக்கத் திரையில் பார்த்தவள் நான். அலுவலகத்தில் என்னைப் பைத்தியக்காரி என்று பேசிக்கொண்டார்களாம், பேசிக்கொள்ளட்டும்.

மூடியைத் தோண்டி எடுத்தார்கள். முகம் கீழே இறங்கி வளர்ந்திருந்ததால் மூடி நெற்றியின் நடுவில் இருந்தது. எடுத்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு விழுந்தது. கீழே நின்றிருந்த ஜெகதாம்பாள், "பொட்டு வச்ச மாதிரியே இருக்கே" என்றார். அதற்கப்புறம் அவர் திருஷ்டியைப் பற்றிப் பேசவில்லை. முகம் யாருடையது என்று தணிகை எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் உலாச்சாலைக்குப் போனேன். தணிகையும் வேலை முடிந்து படகேறி வந்துவிடுவார். உள்ளே இருந்தால் அவள் தெரியமாட்டாள் அல்லவா. திரை இல்லாமல், கோடு இல்லாமல், முதல் தடவையாக ஒரு கட்டடத்தைச் சும்மா நின்று பார்த்தேன்.

முதல் சில நாள் குழந்தைகள், "பூதம் எங்கப்பா?" என்று அழுதார்கள். அப்பாக்கள் சுற்றுமுற்றும் தேடிவிட்டு, வெள்ளிக் கோபுரத்தைக் காட்டிச் சமாதானம் செய்தார்கள். படகுகள் நிற்காமல் போயின. நான் போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் திருடி மாதிரி வேவு பார்த்துக்கொண்டிருந்தேன், எந்தக் கண் எங்கே நிற்கிறது என்று.

ஒருநாள் இரண்டு கல்லூரிப் பெண்கள் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"அந்த அக்கா எதையோ ஒளிச்சு வச்சிருக்காங்கடி," என்றாள் ஒருத்தி.

"என்னத்த?"

"தெரியல. ஆனா ஒளிச்சு வச்சிருக்காங்க. அந்தக் கண்ணப் பாரேன்."

இருவரும் வெகுநேரம் நின்று அது என்னவாக இருக்கும் என்று சண்டை போட்டார்கள். காதல் கடிதம் என்றாள் ஒருத்தி. பலகாரம் என்றாள் மற்றவள். முறுக்கு என்று நான் சொல்லவில்லை. தணிகை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுண்டல் விற்கும் அம்மாவிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏம்மா, ஜனங்க அந்த முகத்தைப் பாக்கிறாங்களா?"

"பாக்காம?" என்றார் அவர், கரண்டியைத் தட்டியபடி. "மத்ததெல்லாம் வானத்தப் பாத்துகிட்டு நிக்குது. அது ஒண்ணுதான் நம்மளப் பாக்குது. நான்கூடக் கடை கட்டும்போது வரேன்னு சொல்லிட்டுத்தான் போறது."

இன்னொரு நாள், ஓரத்து மரத்தடியில் வில்ஃபிரெட் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பொட்டலத்தை ஒளிக்கப் பார்த்தார்.

"காத்து வாங்க வந்தேன் மேடம்."

"கழுத்துல அட்டையக் காணோமே சார்?"

"சட்டை மாத்தும்போது வீட்டுல மறந்துட்டேன்," என்றார். அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்தது. கரைப்புப் படகு வரவேண்டிய காலையும் வந்தது. கோடு என்ன ஆயிற்று என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. நானும் தணிகையும் விடிந்ததும் உலாச்சாலைக்கு வந்துவிட்டோம். அவர் பிளாஸ்க்கில் காப்பி கொண்டு வந்திருந்தார். உலாச்சாலை காலியாகக் கிடந்தது. கழியின் தெற்கு முனையில் அந்தச் சாம்பல்நிறப் படகு திரும்புவது தெரிந்தது. அவர் டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"அண்ணி, இப்படி வந்து கைய வச்சு நில்லுங்க. இங்க சவுகரியமா இருக்கு."

உயிர்ச்சுதையாலான கழியோரக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றினேன். கை தானாகப் போய் உட்கார்ந்தது. திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தேன். சுவரில் இரண்டு சின்னக் குழிகள். பக்கத்தில் இன்னும் இரண்டு. அதற்குப் பக்கத்தில் இன்னும். ஒரு குழந்தையின் உயரத்தில் தாழ்வாக இரண்டு விரல்பிடிக் குழிகள்கூட இருந்தன. நான் டம்ளரை வைத்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். வெள்ளிக் கோபுரங்களுக்கு எதிரே சுவர் வழவழவென்று இருந்தது. அங்கே ஜனங்கள் நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கோதைக்கு எதிரே மட்டும், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும், யார் யாரோ வந்து முழங்கையை ஊன்றி நின்று பார்த்த குழிகள். நான் பார்த்த எந்தத் திரையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

படகு வந்தது. கட்டடத்துக்கு எதிரே வந்தபோதும் நிற்காமல் வடக்கே போயிற்று. அன்றைக்கு அதன் வேலை வேறு எங்கோ. யார் வீடோ என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

தணிகை அப்படியே குனிந்து தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். வெயில் ஏறி எதிர்க்கரையில் அவள் நெற்றிப் பொட்டைத் தொட்டது, பிறகு மூக்கு, பிறகு இடது கண். மூன்றாம் மாடி ஜன்னல் அவள் தாடையோரத்தில் சின்னதாகத் தெரிந்தது. கொடிக்கயிற்றில் தணிகையின் நீலச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணி, சட்டத்துல துணி காயப்போடக் கூடாதே," என்றார், மூக்கை உறிஞ்சியபடி.

"காயட்டும்."

யாருடையதோ இரண்டு குழிகளில் என் முழங்கைகளை வைத்துக்கொண்டேன். எனக்கு அளவெடுத்த மாதிரி சரியாக இருந்தன. என்னடி வச்சிருக்கே பின்னால, காட்டு, என்றேன் அவளிடம்.